ஆரஞ்சுக்கு ஐரோப்பாவில் எத்தனை பெயர்: நாரங்க, போர்ச்சுகல், சீனா

பிப்ரவரி 3, காலை. கேள்வி

"ஆரஞ்சு என்பது நம்ம நாரங்காய்தான். அரபிக்காரர்கள் ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார்கள். ஆங்கிலத்தில் 'எ நாரஞ்ச்' என்பது 'அன் ஆரஞ்ச்' ஆகி முன்னால் இருந்த ந விழுந்துவிட்டது. அப்படியானால் ஐரோப்பா முழுக்க அந்தப் பழத்துக்குத் தமிழ்ப் பெயர்தான் என்று சொல்லலாமா?"

பிப்ரவரி 3, இரவு

இதில் மூன்று கூற்று இருக்கிறது. முதலாவது பெரும்பாலும் சரி. இரண்டாவது தவறு, ஆனால் எங்கும் பரவியிருக்கும் தவறு. மூன்றாவது பாதி ஐரோப்பாவுக்குப் பொருந்தாது. வரிசையாகப் பார்ப்போம்.

சமஸ்கிருதத்தில் நாரங்க. அந்தச் சொல்லுக்கு இந்தோ-ஐரோப்பிய வேர் கிடையாது. திராவிடத்திலிருந்து போயிருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான அகராதிகளின் முடிவு. காரணத்தை மலையாளத்தில் கண்ணால் பார்க்கலாம். தேங்காய் அங்கே தேங்ங, மாங்காய் மாங்ங. அதே அச்சில் நாரகம் என்ற மரத்தின் காய் நாரங்ங. கடைசியில் நிற்கும் 'ங்ங'வுக்குள் ஒரு 'காய்' ஒளிந்திருக்கிறது. தமிழில் நாரத்தை, நார்த்தங்காய்.

ஆகவே 'தமிழ்ப் பெயர்' என்பதைவிடத் 'தென்திராவிடப் பெயர்' என்பது துல்லியம். மலையாள வடிவம்தான் இங்கே நெருக்கமான சாட்சி.

அங்கிருந்து பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ஜ். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். செவ்வியல் அரபியில் 'தங்கம்' என்பதில் வரும் மெல்லிய க ஒலி இல்லை. பாரசீகச் சொற்களை வாங்கும்போது அந்த இடத்தில் ஜ போடுவார்கள். ஆகவே ஐரோப்பியச் சொல்லில் ஜ, ச, ஷ போன்ற ஒலி இருந்தால் அது அரபி வாசலைத் தாண்டி வந்தது என்பதற்கு முத்திரை. ஸ்பானியத்தில் இன்று நரான்ஹா. இடைக்காலத்தில் அந்த ஹ இருந்த இடத்தில் ஷ-வுக்கும் ஜ-வுக்கும் இடைப்பட்ட ஒலிதான். போர்ச்சுகீசியத்தில் லரான்ஷா, ஹங்கேரியத்தில் நரன்ச், குரோவேசியத்தில் நரான்ச்சா. எல்லாவற்றிலும் முத்திரை தெரிகிறது.

பிப்ரவரி 4

ந எங்கே விழுந்தது?

ஆங்கிலத்தில் அல்ல. ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் வந்து சேரும்போதே ந இல்லை. பழைய பிரெஞ்சில் 'போம் தோரெஞ்ஜ்' என்ற தொடரில் இருந்து வாங்கினார்கள். அங்கேயே ந போய்விட்டது.

இத்தாலியத்தில் பழைய வடிவம் நரான்ச்சா. 'ஒரு' என்பதற்கு அங்கே 'ஊனா'. 'ஊனா நரான்ச்சா' என்று வேகமாகச் சொன்னால் இரண்டு ந அடுத்தடுத்து வருகிறது. கேட்பவர் ஒன்றை 'ஒரு'வுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பழத்துக்கு வைத்துக்கொள்கிறார்: 'ஊன்-அரான்ச்சா'. வெனிஸ் வட்டார மொழியில் மட்டும் இன்னும் நரான்சா, ந பத்திரமாக இருக்கிறது.

ஸ்பானியத்திலும் 'ஊனா' உண்டு, ஆனால் ந விழவில்லை. இந்த வகை மாற்றம் விதி இல்லை, விபத்து. எங்கே நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஆங்கிலத்தில் இதே விபத்து வேறு சொற்களில் நடந்தது உண்மை. சமையல்கட்டு ஏப்ரன் முதலில் நாப்ரன். விரியன் பாம்பைக் குறிக்கும் ஆடர் முதலில் நாடர். ஜெர்மனில் இன்றும் நாட்டர். கிரிக்கெட் அம்பயர்கூட முதலில் நூம்பெர். எதிர்த்திசையும் உண்டு: நிக்நேம் முதலில் 'ஈக்நேம்', அதாவது கூடுதல் பெயர், 'அன்'னில் இருந்த ன் ஒட்டிக்கொண்டது. இந்த உதாரணங்களோடு ஆரஞ்சையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள். தவறு பரவியது அப்படித்தான்.

போர்ச்சுகீசிய லரான்ஷா வேறு வகை. ஒரே சொல்லில் இரண்டு ந இருந்தால் நாக்கு சில சமயம் ஒன்றை ல ஆக்கிக்கொள்ளும். மால்டா மொழியிலும் அதே கதை: லரின்ஜா.

பிப்ரவரி 4, சற்றுப் பிறகு

கடலான் மொழியில் தரோன்ஷா. முன்னால் த எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். அது நாரஞ்ஜ் மட்டும் அல்ல. கடாரங்காய் மாதிரியான தடித்தோல் பழத்துக்கு அரபியில் துருஞ்ஜ் என்று பெயர். அந்தச் சொல் இதில் கலந்திருக்கிறது. ஸ்பானியத்தில் தொரோன்ஹா என்பதும் அதே துருஞ்ஜ்தான்; இன்று பப்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் வகைக்குச் சொல்கிறார்கள். துருக்கியில் துருஞ்ச் என்றால் கசப்பு ஆரஞ்சு. ஒரே சொல், மூன்று ஊரில் மூன்று பழம்.

பிப்ரவரி 5

மூன்றாவது கூற்றுக்கு வருவோம். இதுதான் இந்த உரையாடல் இழையின் நடுப்பகுதி.

நாரங்க என்ற சொல்லோடு ஐரோப்பாவுக்குப் போன பழம் இன்று நாம் உரித்துத் தின்னும் ஆரஞ்சு அல்ல. அது கசப்பு ஆரஞ்சு. தோல் கரடுமுரடு, சாறு புளிப்பும் கசப்பும், உள்ளே விதை நிறைய. அரபியர் சிசிலியிலும் ஸ்பெயினிலும் நட்டது அதைத்தான். செவில் நகரத் தெருவோரங்களில் இன்றும் நிற்கும் மரங்கள் அவை. ஏதென்ஸ் தெருக்களிலும் அதே மரம். பறித்து யாரும் தின்பதில்லை.

இனிப்பு ஆரஞ்சு பிறகு வந்தது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, 16ஆம் நூற்றாண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஜெனோவா வணிகர்கள் கொண்டுவந்தது கொஞ்சம்; போர்ச்சுகீசியர் கீழ்த்திசைக் கடல்வழியைப் பிடித்த பிறகு நல்ல ரகங்கள் வந்தன. புதுப் பழம் வந்ததும் ஒவ்வொரு மொழிக்கும் ஒரே கேள்வி: பழைய பெயரையே கொடுப்பதா, புதுப்பெயர் வைப்பதா?

மேற்கில் பழைய பெயரையே கொடுத்தார்கள். ஸ்பானியம், போர்ச்சுகீசியம், பிரெஞ்சு, இத்தாலியம், ஆங்கிலம். கசப்புப் பழத்துக்குத்தான் அடைமொழி தேவைப்பட்டது: ஸ்பானியத்தில் 'நரான்ஹா அமார்கா', கசப்பு நரான்ஹா. பிரெஞ்சில் 'பிகராத்' என்று தனிச்சொல்லும் இருக்கிறது.

வடக்கில் 'சீன ஆப்பிள்' என்றார்கள். டச்சில் ஸினாஸாப்பல். சொல்லைப் பிரித்தால் 'சீனாவின் ஆப்பிள்'. இன்னொரு வடிவம் ஆப்பல்ஸீன், பெல்ஜியப் பக்கம் இன்றும் கேட்கலாம். வட ஜெர்மனியில் ஆப்ஃபெல்ஸீனெ, சுவீடனில் அபெல்ஸீன், ரஷ்யாவில் அபெல்சீன், பின்லாந்தில் ஆப்பெல்ஸீனி, லித்துவேனியாவில் அபெல்ஸீனஸ், ஐஸ்லாந்துவரை. ஆம்ஸ்டர்டாமிலும் ஹாம்பர்க்கிலும் கப்பலில் இறங்கிய பெட்டி பால்டிக் கடலோரமாக எங்கெல்லாம் போனதோ, சொல்லும் அங்கெல்லாம் போயிருக்கிறது. துறைமுகங்களைக் கோடு போட்டு இணைத்தால் சொல்லின் வரைபடம் வந்துவிடும்.

தென்கிழக்கில் பழத்துக்குப் 'போர்ச்சுகல்' என்றே பெயர். கிரேக்கத்தில் போர்தொகாளி, பல்கேரியத்தில் போர்தொகால், ருமேனியத்தில் போர்தொகாலா, அல்பேனியத்தில், துருக்கியில் எல்லாம் அதுவே. இத்தாலிக்குள்ளேயே தெற்கே நேப்பிள்ஸ் பக்கம் வட்டார மொழியில் புர்துவால்லோ. அரபியில் புர்துகால். நாட்டின் பெயரும் பழத்தின் பெயரும் அரபியில் ஓர் எழுத்து வித்தியாசம்: பழத்தில் ஆழ்ந்த க, நாட்டில் தொண்டையில் உரசும் க.

பிப்ரவரி 5, இரவு

ஆப்பிள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நியாயமானது. ஆரஞ்சுக்கும் ஆப்பிளுக்கும் உறவே இல்லை. ஆனால் பழைய ஐரோப்பிய மொழிகளில் ஆப்பிள் என்பதற்கான சொல் 'உருண்டையான பழம்' என்ற பொதுப்பொருளிலும் நடந்தது. நாம் 'காய்' போடுகிற மாதிரி அவர்கள் 'ஆப்பிள்' போட்டார்கள். டச்சில் உருளைக்கிழங்கு 'மண் ஆப்பிள்'. பிரெஞ்சிலும் அதே. இத்தாலியத்தில் தக்காளி 'பொன் ஆப்பிள்'. ஜெர்மனில் மாதுளை 'விதை ஆப்பிள்'. நாரங்ங-வில் 'காய்' ஒட்டியிருப்பதும் அபெல்ஸீனில் 'ஆப்பிள்' ஒட்டியிருப்பதும் ஒரே வேலை.

அதனால் இன்னொரு வடிவம் பிறந்தது. இத்தாலியத்தில் பழம் என்பதற்கான 'போமோ'வும் அரான்ச்சாவும் சேர்ந்து ஒரு கூட்டுச்சொல். அது ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ஜெர்மனில் பொமெரான்ட்ஸெ ஆயிற்று. கசப்பு ஆரஞ்சுக்கான பெயர். இந்தப் பொமெரான்ட்ஸெ குடும்பம் முழுக்கக் கசப்புப் பழத்துக்குத்தான்.

பிப்ரவரி 6

நேற்று எழுதிய கடைசி வரி தவறு. திருத்துகிறேன்.

ஜெர்மன், சுவீடியம், ரஷ்யம் மூன்றிலும் அது கசப்புப் பழம்தான். ஆனால் போலந்தில் பொமரான்ச்சா என்றால் கடையில் வாங்கும் சாதாரண இனிப்பு ஆரஞ்சு. செக்கில் பொமெரான்ச், சுலோவேனியத்தில் பொமரான்ச்சா, செர்பியத்தில் பொமொரன்ஜா எல்லாம் அப்படியே. இந்த மொழிகள் மேற்கு வழியைப் பிடித்தவை. பழைய பெயரைப் புதுப் பழத்துக்குக் கொடுத்துவிட்டன. பொமெரேனியா என்ற நிலப்பகுதிக்கும் பொமெரேனியன் நாய்க்கும் இதோடு தொடர்பு இல்லை. அது ஸ்லாவிய மொழியில் 'கடலோரம்'.

உக்ரைன் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பழத்துக்கு அபெல்சின், பொமராஞ்ச்சா இரண்டும் உண்டு. நிறத்துக்குப் பொமராஞ்ச் வழிச்சொல். 2004இல் கீவ் நகரில் நடந்த ஆரஞ்சுப் புரட்சியை உக்ரைனியர் 'பொமராஞ்ச்சேவா' என்றார்கள். ரஷ்யர்கள் அதையே 'ஒரான்ஷெவயா' என்றார்கள், அது பிரெஞ்சு வழிச்சொல்.

பிப்ரவரி 7

ஒரு மொழியில் இந்தச் சொல்லின் வரலாற்றைச் சீக்கிரம் பிடிக்க வழி கேட்டிருந்தார்கள்.

முதலில் இனிப்புப் பழத்தின் பெயரைத் தேடாதீர்கள். கசப்புப் பழத்தின் பெயரைத் தேடுங்கள். அகராதியில் ஆரஞ்சு என்று பார்த்தால் புதிய அடுக்கு மட்டும் கிடைக்கும்; கசப்பு ஆரஞ்சு என்று பார்த்தால் அடியில் இருக்கும் அடுக்கு தெரியும். கிரேக்கத்தில் போர்தொகாளியைப் பார்த்தால் நாரங்க அங்கே போகவே இல்லை என்று தோன்றும். கசப்புப் பழம் என்ன என்று கேட்டால் நெரான்ட்ஸி. அங்கேயும் போயிருக்கிறது! பாரசீகத்திலும் அப்படியே: இனிப்பு போர்தெகால், கசப்பு நாரெஞ்ஜ்.

அடுத்து நிறத்தின் பெயர். பழமும் நிறமும் ஒரே வேரா, வேறுவேறா என்று பார்க்க வேண்டும். ரஷ்யத்தில் பழம் அபெல்சீன், நிறம் ஒரான்ஷெவி. பின்லாந்தில் பழம் ஆப்பெல்ஸீனி, நிறம் ஒரான்ஸி. துருக்கியில் பழம் போர்தகால், நிறம் துருஞ்ஜு, அதாவது கசப்புப் பழத்தின் நிறம். வேறுவேறாக இருந்தால் இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வழியில் வந்தவை.

பிறகு மரத்தின் பெயர், சமையல் சொற்கள், மருந்துச் சொற்கள். இவை மெதுவாக மாறும். ஜெர்மன் கேக்கில் போடும் சர்க்கரைப் பாகில் ஊறிய தோலுக்கு 'ஒரான்ஷாட்' என்று பெயர். பெயரில் ஒரான்ஷ், பாரம்பரியமாகச் செய்வது பொமெரான்ட்ஸெ தோலில். பழைய அடுக்கு சமையல்கட்டில் தங்கியிருக்கிறது.

எங்கே தடுக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். பழைய ஆவணத்தில் வரும் சொல்லை இன்றைய பழமாகப் படித்துவிடுவது. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கணக்குப் புத்தகத்தில் ஆரஞ்சு என்று இருந்தால் அது எலுமிச்சை மாதிரி பிழிந்து ஊற்றும் பழம், தின்கிற பழம் அல்ல.

பிப்ரவரி 8

"ஆரஞ்சு மார்மலேட் செய்தேன், இறுகவே இல்லை, சர்பத்தாக நிற்கிறது" என்று வந்த குறிப்பு இந்த இழைக்குச் சம்பந்தமில்லாதது போலத் தெரியும். மிகவும் சம்பந்தம் உண்டு. பழைய ஆங்கிலச் சமையல் குறிப்பில் மார்மலேடுக்கு ஆரஞ்சு என்றால் செவில் ஆரஞ்சு, கசப்புப் பழம். சொல் ஒன்று, பழம் இரண்டு. இனிப்புப் பழத்தைப் போட்டால் அந்தக் கணக்கு வேலை செய்யாது.

காரணம் பெக்டின். சாற்றை இறுக வைக்கும் பொருள் அது. கசப்பு ஆரஞ்சின் விதையிலும் தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைச் சதையிலும் ஏராளம். புளிப்பும் அதிகம், புளிப்பு இல்லாமல் பெக்டின் பிடிக்காது. இனிப்பு ஆரஞ்சில் இரண்டும் குறைவு.

கசப்புப் பழம் 1 கிலோ, தண்ணீர் ஏறத்தாழ 2.5 லிட்டர், சர்க்கரை 2 கிலோ. விதையையும் நாரையும் மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டித் தோலோடும் சாற்றோடும் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட வேண்டும். மறுநாள் மெல்லிய தீயில் 2 மணி நேரம். தோலை விரலால் நசுக்கினால் கூழாக வேண்டும். அதற்கு முன்னால் சர்க்கரை போட்டால் தோல் இறுகிவிடும், பிறகு எவ்வளவு கொதித்தாலும் மெத்தென்று ஆகாது. மூட்டையைப் பிழிந்து எடுத்ததும் சர்க்கரை. அது முழுக்கக் கரைந்த பிறகே தீயைக் கூட்ட வேண்டும். 104 முதல் 105 டிகிரி செல்சியஸ் வந்ததும், குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். இறக்கி உடனே பாட்டிலில் ஊற்றினால் தோல் துண்டெல்லாம் மேலே மிதக்கும். 10, 15 நிமிடம் ஆறவிட்டு ஒரு கலக்குக் கலக்கி ஊற்றினால் சமமாக நிற்கும்.

இனிப்பு ஆரஞ்சுதான் கையில் இருக்கிறது என்றால் கிலோவுக்கு 3, 4 எலுமிச்சையைத் தோல், விதையோடு சேர்த்துச் சர்க்கரையை 1 முதல் 1.25 கிலோவாகக் குறைக்கலாம். இறுகும். கசப்பு வராது.

பிப்ரவரி 8, பின்குறிப்பு

மார்மலேட் என்ற சொல்லே ஆரஞ்சோடு பிறந்தது அல்ல. போர்ச்சுகீசியத்தில் மர்மேலு என்றால் சீமை மாதுளை எனப்படும் க்வின்ஸ் பழம். மர்மெலாடா அதன் கெட்டிப்பாகு. மர்மேலு கிரேக்கத்தில் 'தேன் ஆப்பிள்' என்ற சொல்லிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. மறுபடியும் ஆப்பிள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு விதிப்படி மார்மலேட் என்று சீட்டு ஒட்ட வேண்டுமானால் ஆரஞ்சு, எலுமிச்சை இனப் பழமாக இருக்க வேண்டியிருந்தது. 1 கிலோவுக்குக் குறைந்தது 200 கிராம் பழம், அதில் 75 கிராம் உள்சதை. ஆனால் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வீட்டில் ஸ்ட்ராபெரி ஜாமையும் மார்மெலாடெ என்றே சொல்வார்கள். பேச்சுவழக்கும் சட்டமும் மோதிய இடம். 2024இல் ஒன்றியம் விதியைத் தளர்த்தி, உறுப்பு நாடுகள் ஜாமுக்கும் அந்தச் சொல்லை அனுமதிக்க வழிவிட்டது. என் பார்வையில் அது சரியான முடிவு. க்வின்ஸில் பிறந்த சொல்லை ஆரஞ்சுக்கு மட்டும் உரிமையாக எழுதிக்கொடுக்க வரலாறு இடம்தரவில்லை.

பிப்ரவரி 10

நிறம் பற்றி.

ஆங்கிலத்தில் ஆரஞ்சு நிறப்பெயராக வழங்கத் தொடங்கியது 16ஆம் நூற்றாண்டில். அதற்கு முன்னால் நிறம் இல்லாமலா இருந்தது? பழைய ஆங்கிலத்தில் 'மஞ்சள்சிவப்பு' என்று கூட்டுச்சொல் இருந்தது. நம் செம்மஞ்சள் மாதிரியே, வரிசை மட்டும் திருப்பி. சுவீடனில் பழைய சொல் 'தீ மஞ்சள்'. இங்கிலாந்தின் ராபின் குருவிக்கு நெஞ்சு அப்பட்டமான ஆரஞ்சு நிறம், பெயரோ 'செந்நெஞ்சன்'. பெயர் வைத்தபோது ஆரஞ்சு என்ற நிறச்சொல் இல்லை, அதனால் சிவப்பில் சேர்த்துவிட்டார்கள். நிறச்சொல் எப்போது வந்தது என்பதற்கு அந்தக் குருவியே சாட்சி.

பிரெஞ்சு படிப்பவர்களுக்கு ஒரு சிக்கல்: ஓரான்ஷ் நிறமாக வரும்போது பன்மை விகுதி ஏற்காது. பச்சைச் சட்டைகள் என்றால் பச்சைக்குப் பன்மை உண்டு. ஆரஞ்சுச் சட்டைகள் என்றால் ஆரஞ்சு அப்படியே நிற்கும். இலக்கணம் அதை இன்னும் பழமாகவே பார்க்கிறது. கிரேக்கத்தில் அழுத்தம்தான் வித்தியாசம்: போர்தொகாளி பழம், போர்தொகாளீ நிறம். இத்தாலியத்தில் அரான்ச்சா பழம், அரான்ச்சோ மரம், அரான்ச்சோனெ நிறம்.

பிப்ரவரி 11

நெதர்லாந்து கால்பந்து அணியின் ஆரஞ்சுச் சட்டைக்கும் பழத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. தென் பிரான்சில் ஓரான்ஷ் என்று ஓர் ஊர். ரோமர் காலப் பெயர் அரௌசியோ; பழம் ஐரோப்பாவில் கால்வைக்கும் முன்பே இருந்த பெயர். நூற்றாண்டுகள் போகப்போக ஊர்ப்பெயர் தேய்ந்து பழத்தின் பெயரோடு ஒலியில் ஒன்றாகிவிட்டது. 1544இல் நாசௌ குடும்பத்து வில்லியம் அந்தச் சிற்றரசை உறவினரிடமிருந்து வாரிசாகப் பெற்றார். ஸ்பெயினுக்கு எதிரான டச்சுக் கிளர்ச்சியின் தலைவர் அவர். குடும்பப்பெயர் ஓரான்ஷ் ஆனதும் நிறமும் வந்து ஒட்டிக்கொண்டது. 1713 உட்ரெக்ட் உடன்படிக்கையில் ஊர் பிரான்சுக்குப் போய்விட்டது. பெயரும் நிறமும் டச்சுக்காரர்களிடம் தங்கிவிட்டன.

டச்சில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்: நிறம் ஒரான்யெ, பழம் ஸினாஸாப்பல். அரச குடும்பத்தைக் கௌரவிக்கத்தான் கேரட்டை ஆரஞ்சு நிறமாக்கினார்கள் என்ற கதையை யாரோ கீழே ஒட்டியிருக்கிறார்கள். டச்சு விவசாயிகள் அந்த ரகத்தை வளர்த்துப் பரப்பியது உண்மை. அரச குடும்பத்துக்காக என்பதற்கு ஆவணம் இல்லை.

பிரெஞ்சில் முதல் எழுத்து அ-விலிருந்து ஓ ஆனதற்கு இந்த ஊரின் பெயரைக் காரணமாகச் சொல்கிறார்கள். தங்கம் என்பதற்கான 'ஓர்' இழுத்தது என்றும் சொல்கிறார்கள். இரண்டும் சேர்ந்து இழுத்திருக்கலாம். தாவரவியல் லத்தீனில் அவுரான்டியம் என்று எழுதியபோது தங்கத்தை நினைத்தே எழுதினார்கள். ஆனால் தங்கம் பின்னால் பூசிய முலாம். ஆரஞ்சின் வேர் தங்கம் என்பது தவறு.

பிப்ரவரி 12

சின்னக் குறிப்பு. ரஷ்யத்தில் கண்ணாடிச் செடிவீட்டுக்கு ஒரான்ஷெரேயா. பிரெஞ்சு ஓரான்ஷெரியிலிருந்து. குளிர்நாட்டில் தொட்டியில் வளர்த்த ஆரஞ்சு மரங்களைப் பனிக்காலம் முழுக்க உள்ளே வைக்கக் கட்டிய கூடம். வெர்சாய் அரண்மனையில் இன்றும் மரங்கள் இலையுதிர் காலத்தில் உள்ளே போய் வசந்தத்தில் வெளியே வருகின்றன. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே ஒரானியன்பௌம் என்று ஓர் அரண்மனையே இருக்கிறது, ஜெர்மனில் 'ஆரஞ்சு மரம்'. அது இருக்கும் ஊருக்கும் 1948 வரை அதே பெயர்தான். பழம் அபெல்சீன் என்றான நாட்டில் செடிவீடும் அரண்மனையும் பழைய பெயரைத் தாங்கி நிற்கின்றன. பிப்ரவரி 7 குறிப்பில் மெதுவாக மாறும் சொற்கள் என்றேன். கட்டடச் சொற்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 14

நம் பக்கம் திரும்பியதால் நான்கு வரி.

தமிழில் இன்று நாம் சொல்லும் ஆரஞ்சு ஆங்கிலத்திலிருந்து வந்தது. ந-வோடு போனது, ந இல்லாமல் திரும்பியிருக்கிறது. நார்த்தங்காய் ஊருக்குள்ளேயே உப்பில் ஊறிக்கொண்டிருந்தது. கிச்சிலி என்ற பெயரும் உண்டு. இலங்கைத் தமிழில் தோடம்பழம், சிங்களத்தில் தொடம். அங்கே நிறத்துக்குச் செம்மஞ்சள் என்ற சொல்லும் புழக்கத்தில் இருக்கிறது, பழைய ஆங்கிலக் கூட்டுச்சொல்லைப் போலவே பழத்தைத் தொடாத நிறப்பெயர்.

வட இந்தியாவில் சாத்துக்குடிக்கு மோசம்பி. அது மொசாம்பிக். கிரேக்கர் பழத்துக்குப் போர்ச்சுகல் என்று பெயர் வைத்த அதே தர்க்கம்: எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தின் பெயர். டேஞ்சரின் என்பது மொராக்கோவின் டாஞ்சியர் துறைமுகம்.

பப்ளிமாசுக்கு டச்சில் போம்பல்மூஸ், பிரெஞ்சில் பாம்ப்லமூஸ். தமிழ்ப் பம்பளிமாசிலிருந்து டச்சுக்குப் போனது என்று ஒரு சாரார். டச்சிலிருந்து தமிழுக்கு வந்தது என்று இன்னொரு சாரார். ஆரஞ்சில் ஜ இருப்பது போல இதில் திசை காட்டும் ஒலி முத்திரை இல்லை. அதனால் இதைத் தமிழ்ச்சொல் என்று பட்டியலில் சேர்க்க நான் தயாராக இல்லை.

பிப்ரவரி 15

சங்கப் பாடல்களில் வரும் நரந்தம் ஆரஞ்சுதானே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 'நறு' என்ற மணப்பொருள் வேரோடு நாரத்தையைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. பார்க்க இடமும் உண்டு. ஆனால் பாடல்களில் நரந்தம் மணக்கும் பொருளாக வருகிறது, நரந்தம்புல் என்று ஒரு வாசனைப் புல்லும் இருக்கிறது. பழம் என்று அடித்துச் சொல்லி அதன்மேல் ஐரோப்பியச் சொல் வரலாற்றைக் கட்டினால் அடித்தளம் தாங்காது. நாரகம், காய், நாரங்ங என்ற சங்கிலி அதைவிட உறுதியானது. அதைப் பிடித்துக்கொள்வோம்.

பிப்ரவரி 17

போர்ட்டோ ரிக்கோவில் ஸ்பானியம் பேசுகிறார்கள், ஆனால் ஆரஞ்சுச் சாறு கேட்டால் 'சீனா' என்கிறார்களே என்ற கேள்வி. ஆம், அங்கே இனிப்பு ஆரஞ்சுக்குச் சீனா என்றே பெயர். 'நரான்ஹா சீனா', அதாவது சீன ஆரஞ்சு, என்ற தொடரில் முன்பாதி உதிர்ந்துவிட்டது. நரான்ஹா என்ற சொல் கசப்புப் பழத்துக்கு ஒதுங்கிவிட்டது. அல்ஜீரிய அரபியிலும் ஆரஞ்சு ச்சீனா. பிப்ரவரி 5 குறிப்பில் 'சீன ஆப்பிள்' வடக்கு ஐரோப்பாவுக்கு மட்டும் உரியது என்ற தொனி வந்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். ஆப்பிள்தான் வடக்குக்கு உரியது. சீனா எல்லாக் கடலிலும் பயணம் செய்திருக்கிறது.

பிப்ரவரி 18

ஏதென்ஸ் போகிறவருக்கு: சாறு வேண்டுமானால் போர்தொகாளி. சிறு கரண்டியில் வைத்துத் தண்ணீரோடு தரும் பாகுப்பழம் வேண்டுமானால் நெரான்ட்ஸி என்று கேளுங்கள், பிஞ்சில் செய்தது நெரன்ட்ஸாகி. தெருவோர மரத்தில் தொங்குவதும் நெரான்ட்ஸிதான். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். இலைக்காம்பைப் பாருங்கள்: காம்பிலேயே குட்டி இலை மாதிரி அகலமான சிறகு இருந்தால் கசப்பு, சிறகு குறுகலாக இருந்தால் இனிப்பு.